கை படாத தண்ணீர்

அது எந்த ஆண்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. என் நாட்குறிப்பில் இருக்கிறது. கிழமையும் திதியும், அன்று மழை பெய்ததா என்பதும்கூட இருக்கின்றன. ஆனால் கடல் கடந்து வந்து நாங்கள் வாழும் இந்த ஜார்ஜ்டவுனில் ஆண்டைச் சொன்னால் எந்தச் சங்கம் என்று தெரிந்துவிடும். சங்கம் தெரிந்தால் தலைவரின் பேரப்பிள்ளைகள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பெரிய யுத்தம் முடிந்து சில காலம் ஆகியிருந்தது, ரப்பர் விலை இன்னும் விழவில்லை என்று சொன்னால் போதும். மாதங்களை மட்டும் பிழையில்லாமல் தருகிறேன்.

நான் அப்போது துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிராணி வேலை பார்த்தேன். ஊரில் குமாஸ்தா என்பதை இங்கே கிராணி என்பார்கள். சங்கத்தில் நான் சாதாரண உறுப்பினன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லி, கூட்டக் குறிப்புகளைப் பெரிய நோட்டில் நகல் எடுக்கும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். அதனால் எல்லாக் கூட்டத்திலும் மூலையில் உட்கார்ந்திருப்பேன். பேச எனக்கு உரிமை கிடையாது. கேட்காமல் இருக்கவும் வழி கிடையாது.

சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சிறு கட்டடம், அதன் பின்பக்க வளவில் ஒரு முருகன் சந்நிதி, ஒரு குருக்கள். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் சங்கத்தின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். தண்ணீர்மலை அருவித் தண்ணீர்தான் முனிசிபல் குழாய் வழியாக ஊருக்கே வருகிறது. உலகத்தில் பல ஊர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இவ்வளவு நல்ல குடிநீர் இவ்வளவு சுலபமாகக் கிடைத்த துறைமுகம் அதிகம் இல்லை. அந்தத் தண்ணீர்தான் எங்கள் செயற்குழுவுக்கு ஆகவில்லை.

ஆனி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் பேச்சை ஆரம்பித்தார். ஜவுளி வியாபாரி, கழுத்தில் தங்கத்தில் கட்டிய ருத்திராட்சம்.

"அந்தக் கொழாத் தண்ணி எத்தன கை தாண்டி வருது, தெரியுமா? யார் யாரோ தொறக்கறான், மூடறான். கொழாக்குள்ள தோல் வாஷர் வேற. மாட்டுத்தோலு! அத ஊத்தித்தான் நாம முருகனுக்கு அபிஷேகம் பண்றோம்."

செயலாளர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் கிராணி. எதைச் சொன்னாலும் அதில் கொஞ்சம் விஞ்ஞானம் தூவுவார்.

"பூமிக்குள்ள ஆழமா எறக்கிட்டா ஒரு பிரச்சினையும் இல்லைங்க. அந்தத் தண்ணி ஆதிகாலத்துலேருந்து அங்கேயே இருக்கு. மண்ணே வடிகட்டிடும். ஒரு பூச்சி புழு இருக்காது. எவன் கையும் பட்டிருக்காது."

"கை படாத தண்ணி" என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு. அந்தச் சொல் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று மாலைக்குள் அதைப் பதினோரு தடவை சொன்னார். வேறு வேலை இல்லாததால் எண்ணினேன்.

இதே தலைவர் தினமும் காலையில் பாசார் என்கிற சந்தைக்கு எதிரே உள்ள ஹைலாம் சீனர் கடையில் கோப்பி குடிப்பார். அங்கே எல்லாக் கோப்பையையும் ஒரே தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டித் தண்ணீர் மத்தியானத்துக்குள் கோப்பி நிறத்துக்கு வந்துவிடும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலின் மேல்தளத்தில் வந்தவர் அவர். அந்தக் கப்பலில் எல்லாருக்கும் ஒரே இரும்புத் தொட்டி, ஒரே தகரக் குவளை. அப்போது கெடாத வாய் ஜவுளிக்கடை வைத்த பிறகு கெட ஆரம்பித்தது.

ஆவணியில் குழாய்க்கிணறு இறக்கினார்கள். நான்கு சீனர்கள், மூங்கில் சாரம், ஒரு கனத்த இரும்புத் துரப்பணம். பன்னிரண்டு நாள் வேலை. பதினேழு துண்டுக் குழாய் இறங்கியது. ஒவ்வொரு துண்டையும் அவர்கள் நெஞ்சில் அணைத்துத் தூக்கினார்கள், மரையில் எச்சில் தொட்டுத் தடவினார்கள், குடித்து மிஞ்சிய தேத்தண்ணீரைத் துளைக்குள்ளேயே கவிழ்த்தார்கள். நான் தலைவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சீனர் கை அவருடைய பட்டியலிலேயே இல்லை. தீட்டு என்பது நம்மவர்களுக்குள் மட்டும் பரவும் வியாதி என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பம்புக்குள் தோல் வாஷர் வரக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ரப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு மாட்டுத்தோலுக்கு ஏன் போக வேண்டும் என்று செயலாளரே ஒரு பட்டறையில் ரப்பர் வாஷர் வெட்டி வாங்கி வந்தார். அதையும் கையால்தான் பொருத்தினார்கள். அதை யாரும் பேசவில்லை.

பம்பை அடிக்க ஆள் வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் இரும்புப் பிடியை ஏற்றி இறக்கினால்தான் சிமெண்டுத் தொட்டி நிறையும். அந்த வேலைக்குச் செயற்குழுவில் எவரும் முன்வரவில்லை. துறைமுகத்தில் தோங்காங்குகளிலிருந்து, அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் படகுகளிலிருந்து, மூட்டை சுமந்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்து வந்தார்கள். அரிசி மூட்டை சரிந்து விழுந்து வலது முழங்கால் நசுங்கியவர். சுமையோடு பலகையில் ஏற அவரால் இனி முடியாது. நின்ற இடத்தில் நின்று கை வேலை செய்ய முடியும். அவருடைய சாதியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேண்டியதும் இல்லை. அவருக்காகப் போட்ட சட்டமே சொல்லிற்று: அவர் பிடியை மட்டும் தொடலாம், தொட்டியைச் சுற்றிச் சுண்ணாம்பால் போட்ட கோட்டைத் தாண்டக்கூடாது. பிடியைத் தொட்டால் இரும்பு, தண்ணீரைத் தொட்டால் தீட்டு. இப்படி ஒரு நுட்பமான பகுப்பை நான் படித்த எந்தத் தர்க்க நூலிலும் கண்டதில்லை.

சம்பளத்தைவிட அவருக்குப் பெரிதாகப் பட்டது வளவின் மூலையில் இருந்த தகரக் கொட்டகை. மனைவியோடு அங்கே தங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதுவரை துறைமுகத்தை ஒட்டிய கொங்சியில் இருந்தார்கள். ஒரு நீண்ட கூடத்தில் சாக்குத் திரை கட்டிப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் படுத்துக்கிடக்கும் இடம். அங்கே பிறந்த அவர்களுடைய இரண்டு குழந்தைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. இப்போது மனைவிக்கு மூன்றாம் கர்ப்பம். மாசியில் பிரசவம்.

"இந்தப் புள்ள தனி வீட்டுல பொறக்கும்ண்ணே" என்றார் என்னிடம், முதல் நாளே. தகரக் கொட்டகையை வீடு என்றார்.

புரட்டாசி மாதம், மகாளய அமாவாசைக்கு மூன்றாம் நாள், குருக்கள் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டுக் கத்தினார். சுவரெங்கும் செம்பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு கூழ் படர்ந்திருந்தது. தண்ணீரில் தலைமயிர் போல இழைகள் ஆடின. பம்பிலிருந்து வரும்போது கண்ணாடி போல இருந்த தண்ணீர், ஒரு பகல் நின்றதும் துருநிறம் ஆனது.

தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். "எவனோ எறங்கிக் குளிச்சிருக்கான்."

"முடி கெடக்கு பாருங்க" என்றார் குருக்கள்.

இருவரும் திரும்பிப் பம்புக்காரரைப் பார்த்தார்கள். அவருடைய தலை மொட்டை. புரட்டாசி வேண்டுதலுக்குப் போன வாரம்தான் மழித்திருந்தார். அது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நான் அந்தக் கூழில் கொஞ்சம் ஒரு மருந்துச் சீசாவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்னிடம் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப் இருந்தது. கப்பல் டாக்டர் ஒருவர் இறந்தபோது அவருடைய சாமான்களை லேலோங்கில், அதாவது ஏலத்தில், விட்டார்கள். யாரும் அதைக் கேட்காததால் எனக்கு வந்தது. அதுவரை கொசு இறக்கையும் வெங்காயத் தோலும்தான் பார்த்திருந்தேன்.

கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தபோது மயிரும் இல்லை, சேறும் இல்லை. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு போல நுண்ணிய இழைகள், ஆயிரக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்குண்டு கிடந்தன. வேறு சில, உள்ளே ஒன்றும் இல்லாத மெல்லிய குழல்கள். அவற்றின் மேல் துரு பூசியிருந்தது. கையால் முறுக்கினாலும் இவ்வளவு ஒழுங்காக வராது.

அடுத்த இரண்டு வாரம் சாயங்காலங்களை நூல்நிலையத்தில் கழித்தேன். பெரும்பாலான புத்தகங்கள் எங்கள் செயலாளரைப் போலவே பேசின. ஆழத்துத் தண்ணீர் சுத்தமானது, மண் வடிகட்டிவிடும், சில அடிக்குக் கீழே உயிர் இல்லை. எழுதியவர்களில் ஒருவராவது அங்கே போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. நீரேற்று நிலையங்களைக் கட்டிய எஞ்சினியர்கள் எழுதியவற்றில்தான் உண்மை இருந்தது, அதுவும் எரிச்சலோடு: இரும்பு கரைந்த கிணற்று நீரில் ஒருவகைக் கிருமி வாழ்கிறது, வெளிச்சம் வேண்டாம், சோறு வேண்டாம், நீரில் கரைந்த இரும்பைத் துருவாக்கி, அதில் பிறக்கும் சொற்பச் சூட்டில் பிழைக்கிறது, குழாய்களை அடைத்துவிடுகிறது, மனிதருக்கு ஒரு கெடுதியும் செய்வதில்லை. அதற்கும் கீழே, காற்றே எட்டாத இடத்தில், கந்தக உப்பைக் கொண்டு மூச்சு விடுகிற வேறு சில உண்டாம். அவை இருக்கும் இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமாம், வெள்ளி கறுக்குமாம்.

ஆக, நம் காலடியில் எப்போதும் ஒரு குடியிருப்பு இருந்திருக்கிறது. தலைவருடைய ஆதிகாலத் தண்ணீர் ஆதியிலிருந்தே கூட்டமாகத்தான் இருந்திருக்கிறது. எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்காத அளவு மகிழ்ச்சி. மறுநாள் செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"கிருமியா? ஆழத்துலயா?" என்று சிரித்தார். "என்னப்பா நீ, கண்ணாடி வச்சுப் பாத்தா எதுவும் பெருசாத்தான் தெரியும். நம்ம ஆபீஸ் தொர வீட்டுலகூட ஒரு மைக்ராஸ்கோப்பு இருக்கு, அவரு இதெல்லாம் சொன்னது இல்லியே."

"தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த ஆளு மேல பழி விழுந்துகிட்டிருக்கு."

"விழட்டுமே, பழிதானே? வேலைய விட்டா தூக்கிட்டோம்? நம்ம குருக்கள் சாமி பரிகாரம் சொல்லிருக்காரு. முடிஞ்சா சரியாப் போச்சு."

பரிகாரம் ஐப்பசி வளர்பிறை ஏகாதசியில் நடந்தது. கிணறு தீண்டப்பட்டுவிட்டது, அதற்கு உள்ளேயே புண்ணியாகவாசனம் செய்ய வேண்டும் என்றார் குருக்கள். பம்பின் தலையைக் கழற்றினார்கள். மந்திரம் சொல்லி, குழாயின் வாய்க்குள் முதலில் பஞ்சகவ்வியம், பிறகு ஐந்து குடம் பால், ஒரு குடம் இளநீர், பிறகு தேன், நாட்டுச் சர்க்கரை. பால்காரர் வண்டி வளவுக்குள்ளேயே வந்து நின்றது. கிணற்றில் பால் ஊற்றினால் கெட்டுப்போகும் என்று நான் குருக்களின் காதோரம் சொன்னேன். "பால் எப்பிடிங்க கெடுதல் பண்ணும்?" என்று அவர் உண்மையிலேயே வியந்து கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. துரை வீட்டு மைக்ராஸ்கோப்பைப் பற்றிப் பேசிய செயலாளரும் பக்கத்தில்தான் கைகூப்பி நின்றார்.

இருட்டிலும் பட்டினியிலும் வாழப் பழகிய கூட்டத்துக்கு, யுகக்கணக்கில் காணாத விருந்தை எங்கள் சங்கம் குழாய் வைத்து அனுப்பிவைத்தது. ஆறாம் நாள் பம்பை அடித்தபோது வந்த நாற்றத்துக்கு எதிர்வீட்டுச் சீனர்கள் சன்னலைச் சாத்தினார்கள். தண்ணீர் சாம்பல் நிறத்தில், கரிய துணுக்குகளோடு வந்தது. குருக்கள் பழக்கத்தில் அதை வெள்ளிச் சொம்பில் பிடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது சொம்பு அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது.

நான் படித்தது எழுத்துக்கு எழுத்து நடந்தது. அதைச் சொல்ல நான் ஓடியபோது, சொம்பைச் சுற்றி நின்றவர்கள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"சொன்னேன்ல?" என்றார் தலைவர். "பரிகாரம் பண்ணியும் கேக்கலன்னா என்னா அர்த்தம்? அந்தப் பொம்பள வயித்துப் புள்ளக்காரி. கெணத்தடியில பொழங்கறா. நெழலு விழுது."

"அவங்க கொட்டகை அந்தக் கோடியில இருக்கு. இங்க வர்றதே இல்ல" என்றேன்.

"கிராணியாரே, நீங்க நோட்டு எழுதுங்க."

கார்த்திகை மாதம் முடிவதற்குள் அவர்கள் இருவரும் வளவைக் காலி செய்ய வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் வைக்கும் அளவுக்கு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பம்புக்காரர் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கெஞ்சிப் பழகாத மனிதர். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணே, நா அந்தக் கோட்டத் தாண்டுனதே இல்லண்ணே. சத்தியமா. அவளும் அந்தப் பக்கம் போனது இல்ல. கொங்சிக்குத் திரும்பிப் போனா அவ தாங்கமாட்டா. ஏற்கெனவே ரெண்டு போச்சு."

"உங்க மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி."

"ஒங்களுக்குத் தெரிஞ்சு என்னாண்ணே? அவங்களுக்குல்ல தெரியணும்."

"தெரிய வைக்கறேன்."

அப்படிச் சொன்னபோது எனக்குள் இருந்தது இரக்கம் மட்டும் அல்ல. தலைவரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை மறைத்து எழுதுவது இந்தக் குறிப்புக்கு அழகில்லை.

நாற்றம் மூன்று வாரத்தில் அடங்கியது. பழையபடி தெளிந்த தண்ணீர் வந்து, நின்றால் துருவேறியது. நான் சோடாக் கம்பெனியிலிருந்து நான்கு வெள்ளைச் சீசாக்கள் வாங்கி, பஞ்சு அடைத்து, வீட்டில் இட்லிச் சட்டியில் வைத்து மூன்று நாள் விடாமல் அவித்தேன். கார்த்திகை நான்காம் செவ்வாய்க்கிழமை காலை எல்லாரும் பார்க்கப் பம்பின் வாயிலிருந்து நேராகச் சீசாக்களை நிரப்பச் செய்தேன். தொட்டித் தண்ணீர் அல்ல. முதல் சீசாவைத் தலைவர் தம் கையால் பிடித்தார். இரண்டாவதைக் குருக்கள். மூன்றாவதைப் பம்புக்காரர். நான்காவதை நான் பிடித்து, அங்கேயே அடுப்பில் கொதிக்க வைத்து மூடினேன். பம்பை அடித்தவர் செயலாளர். இருபது தடவை அடித்ததும் மூச்சு வாங்கிற்று. யார் சீசா எது என்று காகிதம் ஒட்டி, அவரவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பம்புக்காரர் பெருவிரல் வைத்தார். நான்கையும் சந்நிதிக்குப் பக்கத்து அலமாரியில் பூட்டிச் சாவியைச் செயலாளரிடமே கொடுத்தேன்.

தலைவர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. "அந்த ஆளு புடிச்சதுல மட்டும் பூக்கும், பாத்துக்கங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். தம் கையின் சுத்தத்தைப் பற்றி அவருக்கு ஒரு துளி ஐயமும் கிடையாது.

பத்தாம் நாள் அலமாரியைத் திறந்தோம். மார்கழி பிறந்துவிட்டிருந்தது, காலி செய்யும் கெடுவைச் சோதனை முடியும் வரை நான்தான் தள்ளிவைக்கச் செய்திருந்தேன்.

என் சீசாவில், கொதித்த தண்ணீரின் அடியில், ஒரு சிட்டிகைத் துருப்பொடி. வேறொன்றும் இல்லை, லென்சில் வைத்தும் பார்த்தேன், ஓர் இழை இல்லை. பம்புக்காரர் சீசாவில் செம்பழுப்புப் பஞ்சு போல ஒரு படலம். குருக்கள் சீசாவிலும் அதே அளவு. தலைவர் சீசாவில் இரண்டு மடங்கு. கழுத்து வரை கூழ் ஏறி, நடுவில் தாடி போலத் தொங்கியது.

எல்லாரும் தலைவரின் சீசாவைக் குனிந்து பார்த்தார்கள். அவர் முதலில் பிடித்ததால் குழாயில் ஒட்டியிருந்தது அவருடைய சீசாவில் விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல நான் அவசரப்படவில்லை.

"சீசா மாறிப்போச்சா?" என்றார் செயலாளர் மெதுவாக.

"உங்க கையெழுத்துத்தானே ஐயா?" என்று தலைவரிடம் காகிதத்தைக் காட்டினேன்.

குருக்கள் பாவம், மனத்தில் பட்டதைச் சொல்லிவிட்டார். "முதலாளி கையிலதான் ஜாஸ்தி பூத்திருக்கு."

"யோவ், சும்மா இருலா!" என்று தலைவர் பாய்ந்தார்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது சிரிப்பு. தீட்டு கையால் வருகிறது என்றால் சங்கத்திலேயே பெரிய தீட்டு யார் என்பது சீசாவில் தாடியோடு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில்தான் எங்கள் செயற்குழு விஞ்ஞானத்தை ஏற்றுக்கொண்டது. வேறு வழியில்லை. நான் இரண்டு மாதமாகச் சொல்லி, படம் வரைந்து காட்டி, புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்துக் காட்டி முடியாதது, தலைவரின் மானம் என்று வந்ததும் ஒரே மூச்சில் முடிந்தது.

"பாத்தீங்களா, நான் மொதல்லேருந்தே சொல்றேன்" என்று எழுந்தார் செயலாளர். "ஆழத்துல கிருமி இருக்கு. ரொம்ப ஆழத்துல. இரும்பத் திங்கற கிருமி. இதுல எந்தக் கைக்கும் சம்பந்தம் இல்ல. நம்ம கிராணியார் விஞ்ஞானபூர்வமா நிரூபிச்சிட்டாரு."

எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர்தான் அதிகம் தட்டினார். வளவின் ஓரத்தில் பம்புக்காரரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இன்றுவரை என் வாழ்வில் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றது கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள். ஒன்று, எனக்கு நன்றி. இரண்டாவதைச் செயலாளர் எழுதி வந்து வாசித்தார். நான் பெரிய நோட்டில் நகல் எடுத்தேன். சங்க வளவிலுள்ள குழாய்க்கிணற்று நீரில் ஏற்பட்ட நிற மாற்றத்துக்கும் துர்நாற்றத்துக்கும் பூமிக்கடியில் இயற்கையாக வாழும் கிருமிகளே காரணம் என்று ஐயமற நிரூபிக்கப்பட்டுவிட்டபடியால், அக்கிணற்றை உடனே மூடிவிடுவது என்றும், இனி முனிசிபல் குழாய் நீரையே உபயோகிப்பது என்றும் முடிவு. அந்தக் கிருமியால் யாருக்கும் கெடுதல் இல்லை, மணலும் சுண்ணாம்பும் போட்டு வடிகட்டினால் போதும், பல ஊர்களில் அப்படித்தான் குடிக்கிறார்கள் என்று, உரிமை இல்லாவிட்டாலும், எழுந்து சொன்னேன். தீட்டை மந்திரத்தால் கழுவ முடியும் என்று நம்பியவர்கள் கிருமியை மணலால் வடிகட்ட முடியும் என்று நம்பவில்லை. மாட்டுத்தோல் வாஷரை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

கிணறு இல்லையென்றால் பம்பு இல்லை. பம்பு இல்லையென்றால் பம்புக்காரர் எதற்கு? குற்றவாளியாக அவரை வெளியே தள்ளுவதற்கு இரண்டு மாதம் தயங்கியவர்கள், நிரபராதி என்றானதும் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். தகரக் கொட்டகையில் தைப்பூசப் பந்தலுக்கான மூங்கில்களை அடுக்கினார்கள். வேறு வேலை ஏதாவது தரச் சொல்லித் தலைவர் கடைக்கே போய்க் கேட்டேன். "அவனப் பாத்தா எனக்கு அந்தச் சீசா ஞாவகம் வருது கிராணியாரே" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அதுதான்.

தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள் கொங்சிக்குப் போனேன். சும்மா போக வெட்கமாக இருந்ததால், தீர்மானத்தை நல்ல காகிதத்தில் எழுதிச் சங்க முத்திரை போட்டு எடுத்துக்கொண்டேன். பழி நீங்கியதற்கு ஓர் அத்தாட்சி அவர் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் கூடத்தின் வாசலில், வெளிச்சத்தில், கிழிந்த கோணிகளைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிட்டங்கியில் அந்த வேலை கிடைத்திருந்தது. சாக்குத் திரைக்கு உள்ளே அவர் மனைவி படுத்திருந்தது நிழலாகத் தெரிந்தது. கூடத்தில் எங்கேயோ ஒரு குழந்தை விடாமல் இருமியது.

"இது என்னாண்ணே?"

"சங்கத் தீர்மானம். உங்க மேல தப்பில்லன்னு."

"படிங்க."

படித்தேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னொரு வாட்டி படிங்கண்ணே."

மறுபடியும் படித்தேன், நிதானமாக.

"கெணறு வருது. கிருமி வருது. முனிசிபால்டி வருது" என்று விரல் மடக்கினார். "இதுல நா எங்கண்ணே இருக்கேன்?"

காகிதத்தைப் பார்த்தேன். அவர் இல்லை. பம்பு அடித்தவர் என்றோ, ஓர் ஆள் என்றோகூட இல்லை. அவர் மேல் சுமத்திய பழியை யாரும் எழுத்தில் வைத்ததில்லை. அதனால் நீக்குவதற்கும் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பெரிய நோட்டில் ஒரு முறை, இந்தக் காகிதத்தில் ஒரு முறை, இரண்டு தடவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒரு காற்புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிறவன் நான். இது என் கண்ணில் படவில்லை.

திரைக்கு உள்ளிருந்து அவர் மனைவி பேசினாள். "பூச பண்ணிட்டு, போவட்டும்னு விட்ருப்பாங்க. நாலு நாளு திட்டுவாங்க, அப்பறம் மறந்துருப்பாங்க. பாட்டிலு வச்சதுலதான் கெணறே போச்சு."

"சும்மா கெட புள்ள. அண்ணே நல்லதுக்குத்தான் செஞ்சாரு."

"நல்லதுக்குத்தான்" என்றாள் அவள்.

"உங்களப் பத்தி ஒரு வரி சேக்கச் சொல்லி நான் செயலாளர்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கோணியின் அடுத்த கிழிசலைத் தேடி எடுத்து முழங்காலில் விரித்துக்கொண்டார். நல்ல காலை நீட்டி, நசுங்கிய காலை ஒருக்களித்து வைத்திருந்தார்.

"வேண்டாண்ணே" என்றார், தலையைத் தூக்காமல். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நா இங்க இருக்கறது அவங்களுக்கு மறந்துபோச்சு. அப்பிடியே இருக்கட்டும்."